பழைய மோட்டாரும் அதன் எண்ணெயும்

பழைய மோட்டார் வண்டிகளை அபிமானத்தோடு பேணி வருபவர்கள் நாலு பேர் கூடினால், எந்த எண்ணெயை எஞ்சினில் ஊற்றுவது என்னும் பிரச்னை தவறாமல் எழும். எழுந்தால் எளிதில் அடங்காது. நாற்பதாம் நம்பர் எண்ணெயைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்று ஒருவர் சாதிப்பார். விலை மிகுந்த ஸிந்தெடிக் எண்ணெயே உத்தமம் என்று மற்றொருவர் வாதிப்பார். டப்பாவின் மேல் என்ன அச்சிட்டிருந்தால் என்ன, எல்லாம் எண்ணெய்தானே என்று மூன்றாமவர் சிரிப்பார். மூவரும் தத்தம் அனுபவத்தையே ஆதாரமாகக் காட்டுவர். மூவருடைய வண்டிகளும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இந்த விவகாரத்தில் தீர்ப்புக் கூற முற்படுகிறவன் ரசாயன சாஸ்திரத்தைக் காட்டிலும் சரித்திரத்தையே முதலில் துணைக்கு அழைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், ஒவ்வொரு தலைமுறை எஞ்சினும் தன் காலத்தில் கிடைத்த எண்ணெயை நம்பியே வடிவமைக்கப்பட்டது. அந்த எஞ்சினுக்கு நேர்ந்த நோய்களைத் தீர்ப்பதற்காகவே அடுத்த தலைமுறை எண்ணெய் தோன்றியது. அவ்வெண்ணெயின் பலத்தை நம்பி மேலும் நுட்பமான எஞ்சின் எழுந்தது. இப்படி ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இவ்விரண்டும் ஏறி வந்த படிகளில், நம் கொட்டகையில் நிற்கும் வண்டி எந்தப் படியைச் சேர்ந்தது என்று தெரிந்துகொண்டால், அதற்குரிய எண்ணெயும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

உராய்வைத் தணிக்க எண்ணெய் இடும் வழக்கம் மோட்டாரோடு பிறந்ததன்று. வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த மையை மாட்டு வண்டியின் அச்சில் பூசுவது நம் கிராமங்களில் நேற்றுவரை நடந்த காரியம். மேல்நாட்டில் நீராவி யந்திரங்கள் பெருகியபோது அவற்றின் ஸிலிண்டர்களுக்கு மாட்டுக் கொழுப்பையும் பன்றிக் கொழுப்பிலிருந்து பிழிந்த எண்ணெயையும் இட்டு வந்தார்கள். பிராணிக் கொழுப்பு வழுவழுப்பில் எதற்கும் குறைந்ததன்று. ஆயினும் உஷ்ணம் மிகுந்த நீராவி பட்டால் அது சிதைந்து அமிலமாகி, எந்த உலோகத்தைக் காக்க வந்ததோ அந்த உலோகத்தையே அரித்துவிடும். 1859இல் அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாகாணத்தில் டிரேக் என்பவர் துளைத்த கிணற்றிலிருந்து கச்சா எண்ணெய் வெளிப்பட்டபின், விளக்கெரிக்க உதவும் மண்ணெண்ணெயைப் பிரித்தது போக எஞ்சும் கனமான பகுதியை என்ன செய்வது என்ற கேள்வி பிறந்தது. நியூயார்க் மாகாணத்துப் பிங்காம்டன் நகரில் ஜான் எல்லிஸ் என்னும் வைத்தியர், கச்சா எண்ணெயில் ஔஷத குணம் ஏதேனும் உண்டா என்று ஆராயப் புகுந்து, அதில் பயன் காணாமல், நீராவி யந்திரத்தின் வால்வுகளுக்கு அது நல்ல மசகாகும் என்று கண்டு, 1866இல் அதையே வியாபாரமாக்கினார். வால்வோலின் என்று இன்றும் கடைகளில் கிடைக்கும் எண்ணெயின் ஆதி சரித்திரம் இது.

கனிஜ எண்ணெய் வந்தவுடன் தாவர எண்ணெய் தோற்று ஓடிவிட்டது என்று நினைப்பது தவறு. ஆகாய விமானம் பறக்கத் தொடங்கிய முதற் பத்தாண்டில், மிக உயர்ந்த எஞ்சின் எண்ணெய் என்று பெயர் பெற்றிருந்தது நம் விளக்கெண்ணெயே. பிரான்ஸில் தோன்றிய நோம், லெ ரோன் முதலிய சுழல் எஞ்சின்களில், அச்சு அசையாமல் நிற்க, ஸிலிண்டர்கள் எல்லாம் விசிறியோடு சேர்ந்து சுற்றும். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை எஞ்சினின் வயிற்றுப்பகுதி வழியாகவே மேலே செல்லும். அவ்விடத்தில் கனிஜ எண்ணெயை வைத்தால், பெட்ரோல் அதனோடு கலந்து நீர்த்துப்போகச் செய்துவிடும். விளக்கெண்ணெயோ பெட்ரோலில் எளிதில் கரைவதில்லை. கொதிக்கும் உஷ்ணத்திலும் உலோகத்தின்மேல் படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். எரியாத எண்ணெய் புகையோடு வெளியேறி விமானியின் முகத்தில் படிந்து சுவாசத்தோடு உள்ளே செல்லும். அதனால் அவர்களுடைய வயிறு பட்ட பாட்டைப் பற்றி அக்காலத்து விமானிகள் சொல்லிச் சிரித்த கதைகள், குழந்தைப் பருவத்தில் சனிக்கிழமை தோறும் விளக்கெண்ணெய் குடிக்க நேர்ந்த நமக்கு விளக்காமலே விளங்கும். 1914இல் மூண்ட மகா யுத்தத்தில் விமானங்கள் பெருகவே, ஆமணக்கு யுத்தப் பண்டமாகிவிட்டது. உலகச் சந்தைக்கு ஆமணக்கு விதையைப் பெருமளவில் அனுப்பிய தேசம் அந்நாளில் இந்தியாவே. சேலம் ஜில்லாவின் புன்செய்க் காட்டில் ஏர் ஓட்டிய குடியானவனுக்கு, தன் வண்டி அச்சுக்கு மையாகும் அதே எண்ணெய்தான் கடல் கடந்த தேசத்து ஆகாயச் சண்டையிலும் செலவாகிறது என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். 1917இல் யுத்தத்தில் இறங்கிய அமெரிக்கா, இந்தியாவிலிருந்து விதை தருவித்துத் தன் தென்பகுதியில் ஆமணக்குப் பயிரிடவும் முற்பட்டது.

தரையில் ஓடிய மோட்டார்களுக்கும் இந்த எண்ணெயின் உறவு இருந்தது. சார்லஸ் வேக்பீல்டு என்பவர் 1899இல் லண்டனில் தொடங்கிய எண்ணெய்க் கம்பெனி, 1909இல் கனிஜ எண்ணெயோடு ஆமணக்கெண்ணெயைச் சேர்த்துக் காஸ்ட்ரால் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் விளக்கெண்ணெய்க்கு ஒரு மகத்தான குறை உண்டு: நாளடைவில் அது காற்றோடு கூடிக் கெட்டிப்பட்டு, பிஸ்டன் வளையங்களின் இடுக்குகளிலும் எண்ணெய் செல்லும் துவாரங்களிலும் அரக்குப்போல் படிந்துவிடும். பந்தயக் காரையும் யுத்த விமானத்தையும் அடிக்கடி கழற்றித் துடைக்க ஆட்கள் இருந்தார்கள். வக்கீலும் டாக்டரும் ஓட்டும் காரை அப்படிக் கழற்றிக்கொண்டிருக்க முடியுமா? ஆகவே சாமானிய மோட்டார் கனிஜ எண்ணெயின் வசமாயிற்று.

அந்தச் சாமானிய மோட்டார்களில் தலையாயது 1908இல் வெளிவந்து 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் உற்பத்தியான போர்டு மாடல் டி. அதில் எண்ணெய் பம்ப் கிடையாது, வடிகட்டி கிடையாது, எண்ணெயை அளந்து பார்க்கும் கம்பியும் கிடையாது. எஞ்சினின் அடியில் இரண்டு சிறு குழாய்கள் இருக்கும். படுத்துக்கொண்டோ குனிந்தோ மேற்குழாயைத் திறந்து, எண்ணெய் ஒழுகினால் நிறைந்திருக்கிறதென்றும், கீழ்க்குழாயிலும் ஒழுகாவிட்டால் அபாயமென்றும் அறிந்துகொள்ள வேண்டும். சுழலும் பாகங்கள் வாரி அடிக்கும் எண்ணெய் சிதறிப்போய் எங்கெங்கு விழுகிறதோ அங்கங்கெல்லாம் மசகாயிற்று. அத்தகைய எஞ்சினில் கனமான எண்ணெயை ஊற்றினால், அது சிதறவேண்டிய இடத்துக்குச் சிதறாது. வீரியமுள்ள புது வண்டிக்குத்தான் மெல்லிய எண்ணெய், கிழட்டு வண்டிக்குக் கெட்டி எண்ணெய் என்று இன்று பலர் கண்ணை மூடிக்கொண்டு கூறும் விதி, உலகத்தின் மிகப் பிரசித்தமான பழைய வண்டிக்கே பொருந்தாது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அந்நாளில் எண்ணெயை வாங்குவதே ஒரு சிரமம். லேசானது, நடுத்தரமானது, கனமானது என்று ஒவ்வொரு வியாபாரியும் தன் மனம்போல் பெயரிட்டான். ஒருவனுடைய லேசு மற்றொருவனுடைய நடுத்தரமாக இருந்தது. வேக்வம் ஆயில் கம்பெனியார் தங்கள் மொபிலாயிலை ஏ, பி, ஆர்க்டிக் என்று பிரித்து, எந்தக் காருக்கு எந்த எழுத்து என்று நீண்ட பட்டியல் அச்சிட்டு விளம்பரம் செய்தார்கள். அது ஒரு கம்பெனியின் வாடிக்கையாளருக்கு மட்டுமே உதவிற்று. 1905இல் ஏற்பட்ட அமெரிக்க மோட்டார் எஞ்சினியர்கள் சங்கம் 1911இல் எண்ணெய்களுக்குப் பொதுவான வரையறை ஒன்றை முதன்முதலில் வகுத்தது. அதிலிருந்து வளர்ந்ததே இன்று நாம் 30, 40, 50 என்று கூறும் எஸ்.ஏ.இ. எண் முறை. இந்த எண் எண்ணெயின் உயர்வு தாழ்வைக் குறிப்பதன்று. குறிப்பிட்ட உஷ்ணத்தில் அது எவ்வளவு தடித்து ஓடுகிறது என்பதை மாத்திரம் குறிப்பது. இன்றைய கணக்கின்படி, 100 டிகிரி ஸென்டிகிரேடில் 30ஆம் நம்பர் எண்ணெயின் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 ஸென்டிஸ்டோக் வரையிலும், 40ஆம் நம்பர் அதற்குமேல் 16.3 வரையிலும், 50ஆம் நம்பர் அதற்கும் மேல் 21.9 வரையிலும் இருக்கலாம். குளிர்காலத் தேவைக்காக டபிள்யூ என்ற எழுத்தைச் சேர்த்த எண்கள் 1930களில் தோன்றின.

குளிர்ந்திருக்கையில் தேனாகவும் சூடேறியதும் தண்ணீராகவும் மாறுவது எல்லா எண்ணெய்க்கும் இயல்பு. ஆனால் எல்லா எண்ணெயும் ஒரே அளவில் மாறுவதில்லை. 1929இல் டீன், டேவிஸ் என்னும் இரு அமெரிக்கர்கள் இந்த மாற்றத்தை அளக்க ஒரு குறியீட்டை ஏற்படுத்தினார்கள். தாங்கள் அறிந்தவற்றுள் மிகக் குறைவாக மாறிய பென்ஸில்வேனியா எண்ணெய்க்கு 100 என்றும், மிக அதிகமாக மாறிய மெக்ஸிகோ வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0 என்றும் வைத்து, மற்றவற்றை இடையில் அடுக்கினார்கள். இப்போதைய எண்ணெய்கள் சர்வ சாதாரணமாக நூறைத் தாண்டிவிடுகின்றன. அளவுகோலின் உச்சி என்று அவர்கள் நினைத்தது நமக்கு ஆரம்பமாகிவிட்டது.

1930களிலிருந்து கதை வேறு திசையில் திரும்புகிறது. அதுவரை எண்ணெய் என்பது பூமியிலிருந்து எடுத்துச் சுத்தி செய்த பொருள். அதன்பின் அது மருந்துகள் கலந்த தைலம். டீஸல் டிராக்டர்கள் கடுமையாக உழைக்கத் தொடங்கியபோது, பிஸ்டன் வளையங்கள் கரி பிடித்துத் தம் பள்ளங்களிலேயே ஒட்டிக்கொண்டன. காடர்பில்லர் டிராக்டர்களுக்கு நேர்ந்த இந்த வியாதிக்கு மாற்றாக, கலிபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியார் 1935ஐ ஒட்டி, அழுக்கைக் கழுவும் சேர்க்கை கலந்த எண்ணெயைத் தயாரித்தார்கள். பழைய எண்ணெயில் அழுக்கு மெல்லமெல்ல அடியில் வண்டலாகப் படிந்துவிடும். புதிய எண்ணெய் அழுக்கைப் படியவிடாமல் தன்னுள் மிதக்க வைத்துக்கொண்டு, மாற்றும் நாளில் தன்னோடு வெளியே கொண்டுபோகும். எண்ணெய் மாற்றிய இரண்டாம் நாளே கறுத்துவிட்டது, ஆகவே சரக்கு மட்டம் என்று குறைகூறுகிறவர்கள், அது தன் கடமையைச் செய்வதையே குற்றமாகக் கருதுகிறார்கள்.

இன்னொரு வியாதி பேரிங்குகளைப் பற்றியது. ஐஸக் பாபிட் 1839இல் கண்ட மிருதுவான வெள்ளை உலோகம் நெடுங்காலம் எஞ்சின்களைத் தாங்கிவந்தது. வேகமும் பாரமும் ஏறவே, செம்பும் ஈயமும் கலந்த கடினமான பேரிங்குகள் வந்தன. சூடேறிய எண்ணெயில் உண்டாகும் அமிலங்கள் பாபிட் உலோகத்தைத் தொடாமல் விட்டனவென்றாலும், இப்புது உலோகத்தின் ஈயத்தை அரித்துத் தின்றன. அதைத் தடுக்க 1940களில் ஒரு சேர்க்கை வந்தது. துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் கூடிய அதை மெக்கானிக்குகள் சுருக்கமாக ஜிங்க் என்பர். பேரிங்கைக் காக்க வந்த அந்த மருந்து, எதிர்பாராத விதமாக மற்றொரு நன்மையும் செய்தது. கேம் ஷாஃப்டின் முனை டாப்பெட்டின் தட்டையான முகத்தை அழுத்தித் தேய்த்துச் செல்லும் இடத்தில், எண்ணெய்ப் படலமே நசுங்கிப்போகும் அளவுக்குப் பாரம் விழுகிறது. அங்கே இந்தச் சேர்க்கை உஷ்ணத்தால் சிதைந்து, உலோகத்தின்மேல் கண்ணாடி போன்ற மெல்லிய மேற்பூச்சாகப் படிந்து, இரும்பை இரும்பு தொடாமல் காத்தது. தட்டை டாப்பெட்டுள்ள எஞ்சின்கள் யுத்தத்துக்குப் பின் அத்தனை பாரத்தைத் துணிந்து ஏற்றுக்கொண்டதற்கு இதுவே ரகசியம்.

எண்ணெயின் தடிமனைக் கூற ஓர் எண் இருந்தது. அதிலுள்ள மருந்தின் வலிமையைக் கூறவும் ஒரு குறி வேண்டியதாயிற்று. அமெரிக்கப் பெட்ரோலிய ஸ்தாபனம் 1947இல் சாதாரணம், உயர்தரம், கடும் உழைப்புக்குரியது என மூன்றாகப் பிரித்தது, 1952இல் அதை மாற்றியது, 1970இல் எஸ்.ஏ. முதற்கொண்டு எழுத்து வரிசையில் ஏறும் முறையைக் கொணர்ந்தது. எஸ்.ஏ. மருந்தில்லாத வெறும் எண்ணெய். 2020இல் வந்தது எஸ்.பி.

இப்போது நம் நாட்டுச் சாலைக்கு வருவோம். 1957இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸார் வங்காளத்து உத்தரபாராவில் மாரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையை அம்பாஸடர் என்ற பெயரில் வார்க்கத் தொடங்கினார்கள். இரண்டாண்டுகளில் அதற்கு 1489 ஸி.ஸி. கொள்ளளவுள்ள, வால்வுகள் தலைமேல் அமைந்த பிரிட்டிஷ் எஞ்சின் கிடைத்தது. பம்பாயில் பியட் 1100, சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு வண்டிகள், பாக்குநீரிணைக்கு அப்பால் இலங்கையில் இன்றும் மதிப்புக் குன்றாத மாரிஸ் மைனர், ஆகிய எல்லாம் ஒரே காலத்துப் பிறவிகள். எல்லாவற்றிலும் தட்டை டாப்பெட்டுகளே. 1950களில் மாரிஸ் கம்பெனியார் வண்டியோடு தந்த கையேட்டில், வெப்ப தேசங்களுக்கும் மித வெப்ப தேசங்களுக்கும் ஒருசேர 30ஆம் நம்பர் எண்ணெயே விதிக்கப்பட்டிருக்கும்; காஸ்ட்ரால் எக்ஸ்.எல்., ஷெல் எக்ஸ்-100, மொபிலாயில் ஏ என்று கம்பெனிக்கு ஒன்றாகப் பெயர்களும் அடுக்கியிருக்கும். 3,000 மைலுக்கு ஒரு முறை மாற்றச் சொல்லியிருக்கும். நம் மெக்கானிக்குகள் சித்திரை வெயிலையும், தேய்ந்த எஞ்சினையும், பாரமேற்றிய டாக்ஸியையும் உத்தேசித்து, முப்பதை நாற்பதாக உயர்த்திக்கொண்டார்கள். அவர்கள் செய்தது சாஸ்திர விரோதமன்று. கையேடு எழுதியவர்கள் பார்த்திராத கோடையை இவர்கள் பார்த்திருந்தார்கள். 1969இல் மணலியில் சுத்திகரிப்பு ஆலை நடைபெறத் தொடங்கி, எஞ்சின் எண்ணெய்க்கு மூலமான சரக்கைச் சென்னையிலேயே பிரித்தெடுத்தபின், இந்தியன் ஆயிலின் ஸெர்வோ முதலிய சுதேசிப் பெயர்கள் டப்பாக்களில் ஏறின.

நாற்பதாம் நம்பருக்குப் போட்டியாக வந்தது பல உஷ்ண நிலைகளுக்கும் இணங்கும் மல்டிகிரேடு. எண்ணெயில் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளைக் கலந்தால், அவை குளிரில் சுருண்டு கிடந்து, சூட்டில் விரிந்து, எண்ணெய் அளவு மீறி நீர்த்துப்போகாமல் தடுக்கின்றன. இதற்குப் பெரிய பரீட்சை 1959இல் வெளிவந்த மினி கார். அலெக் இஸிகோனிஸ் இடத்தை மிச்சப்படுத்த, கியர் பெட்டியை எஞ்சினின் அடித்தொட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார். ஒரே எண்ணெய் இரண்டுக்கும் உழைக்க வேண்டும். கியர்களின் பற்கள் அந்தச் சங்கிலிகளைக் கத்தரித்துக் கத்தரித்து எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தன. அதற்கு ஈடுகொடுத்ததே 20டபிள்யூ-50 என்னும் கனத்த மல்டிகிரேடு. 1960களில் பிரிட்டனில் டக்ஹாம் கம்பெனியின் பச்சை நிற எண்ணெய் இதனால் பெரும் புகழ் பெற்றது. 1968இல் காஸ்ட்ரால் ஜி.டி.எக்ஸ். வந்தது.

நமக்குப் பொருத்தமான விஷயம் என்னவெனில், 20டபிள்யூ என்பது பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்ப முடியுமா என்று பரிசோதித்துத் தரும் எண். உதகமண்டலத்து உறைபனியிலும் அவ்வளவு குளிர் கிடையாது. ஆகவே 0டபிள்யூ, 5டபிள்யூ என்று குளிர் தேசத்தாருக்காகத் தேய்த்து மெலிவித்த எண்ணெயை நம் அம்பாஸடருக்கு வாங்குவதில், விலை கூடுவதைத் தவிர விசேஷ லாபம் இல்லை. சூட்டில் 20 என்று நிற்கும் இன்றைய எண்ணெய்களோ, நுண்ணிய இடைவெளிகளோடு கடைந்த புது எஞ்சினுக்கு உரியவை; பழைய பேரிங்குகளின் அகன்ற சந்துகளில் அவை நில்லாமல் ஒழுகிவிட, நிதான ஓட்டத்தில் எண்ணெய் அழுத்தம் விழுந்துவிடும்.

பழைய கார் அபிமானிகளை இந்த நூற்றாண்டில் கலங்கச் செய்தது, ஜிங்க் சேர்க்கையில் உள்ள பாஸ்பரஸ். புகையைச் சுத்திசெய்யும் காடலிடிக் கன்வெர்ட்டரை அது மாசுபடுத்துகிறதென்று கண்டு, எண்ணெயில் அதன் அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள்; 2004இல் வந்த எஸ்.எம். தரத்தில் அது நூற்றுக்கு 0.08 பங்காக இறங்கிற்று. கேம் ஷாஃப்டுகள் தேய்ந்து மொட்டையாகிவிடுமென்று பீதி பரவ, ஜிங்க் அடைத்த சிறு புட்டிகள் தனியே விலைபோயின. பயத்துக்குக் காரணமே இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த உச்சவரம்பு, பெட்ரோல் செலவை மிச்சப்படுத்தும் மெல்லிய ரகங்களுக்கே விதிக்கப்பட்டது. 20டபிள்யூ-50 போன்ற கனமான எண்ணெய் அதற்குள் அகப்படுவதில்லை. நம்மவர்கள் பெரும்பாலும் பழக்கத்தினால் வாங்கிவந்த எண்ணெயே அவர்களைக் காத்துவிட்டது.

மெய்யாகவே ஜாக்கிரதை வேண்டிய இடம் வேறு. யுத்தத்துக்கு முற்பட்ட, வடிகட்டியற்ற எஞ்சின் பல்லாண்டுகள் மருந்தில்லாத எண்ணெயிலேயே ஓடியிருந்தால், அதன் அடித்தொட்டியில் வண்டல் கட்டியாகக் கிடக்கும். அதில் திடீரென்று கழுவும் எண்ணெயை ஊற்றினால், வண்டல் கரைந்து கிளம்பிக் குறுகிய எண்ணெய் வழிகளில் அடைத்துக்கொள்ளக்கூடும். தடுக்க வடிகட்டியும் இல்லை. தொட்டியைக் கழற்றி வழித்தெடுத்துச் சுத்தம் செய்தபிறகு எந்த நல்ல எண்ணெயையும் ஊற்றலாம். அது முடியாவிட்டால் பழைய மாதிரி வெறும் எண்ணெயையே தொடர்வது உசிதம். ஸிந்தெடிக் எண்ணெயைப் பற்றிய அச்சமும் இவ்வகையானதே. கயிறு திரித்ததுபோன்ற பழைய ஸீல்களின் வழியே ஒழுகுகிறதென்றால், பெரும்பாலும் படிந்த அழுக்கே அதுவரை அடைப்பாக இருந்திருக்கிறது என்று பொருள். ஒழுக்கை ஸிந்தெடிக்கின் தலையில் போடுவது அநியாயமானாலும், 3,000 மைலில் வடித்துக் கொட்டப்போகும் பழைய எஞ்சினுக்கு நீண்டநாள் உழைக்கும் விலை உயர்ந்த எண்ணெய் எதற்கு? வடித்த எண்ணெய் ஸென்டரிங் பலகைக்குப் பூச்சாகப் போகிறது. அதற்கு ஸிந்தெடிக் வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் கருதிப் பார்க்குமிடத்து, 1950க்கும் 1990க்கும் இடைப்பட்ட அம்பாஸடர், பியட், ஸ்டாண்டர்டு, மாரிஸ் வண்டிகளுக்குச் சமவெளியில் 20டபிள்யூ-50 மல்டிகிரேடும், ரிங்குகளும் பேரிங்குகளும் புதுப்பித்து இறுக்கமாக இருக்கும் எஞ்சினுக்கு 20டபிள்யூ-40உம் தகுந்தவை என்பேன். நாற்பதாம் நம்பர் ஒற்றைக் கிரேடு கெடுதல் செய்யாது. மலையூர்க் காலை வேளையில் மட்டும் சற்றுச் சோம்பும். ஆண்டுக்கு நூறு மைல் ஓடும் வண்டிக்கு மைல் கணக்கு உதவாது. எரிந்த பெட்ரோலின் ஈரமும் அமிலமும் உள்ளேயே தங்குவதால், ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கொரு முறை மாற்றிவிட வேண்டும்.

அம்பாஸடரின் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. கார்க் கம்பெனிகள் 0டபிள்யூ-20க்கு மாறிய பிறகும் 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 டப்பாக்கள் தெருமுனைக் கடைகளில் தாராளமாகக் கிடைப்பதற்கு இந்நாட்டு மோட்டார் சைக்கிள்களே காரணம். அவற்றிலும் மினியைப் போல எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய். அவற்றுக்காக ஜப்பானியர் வகுத்த ஜாஸோ தரம் பாஸ்பரஸை 0.08க்குக் குறையாமலும் 0.12க்கு மிகாமலும் இருக்க விதிக்கிறது. மோட்டார் சைக்கிள் படம் போட்ட டப்பாவை ஆக்ஸ்போர்டு எஞ்சினில் கவிழ்க்கக் கௌரவம் இடம் கொடாதவர்கள் டீஸல் வண்டிக்குரிய கனத்த மல்டிகிரேடைக் கேட்டு வாங்கலாம். கடைக்காரர் எந்த வண்டிக்கு என்று கேட்டால், வருஷத்தையும் சேர்த்துச் சொல்லுவது நல்லது.